கமராவுக்கு அகப்பட்ட யாழ்ப்பாணம்

ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிற் கொடியேறுகின்றது. இருபத்தைந்து நாட்கள் நீளும் அப்பெருவிழாவுக்குக் கொழும்பிலிருந்தும் கடல்கடந்த நாடுகளிலிருந்தும் வருவோரிற் பலர் தோளிற் கமராவுடன் வருகின்றனர். விழா முடியுமுன்பே அவர்கள் எடுத்த படங்கள் இன்ஸ்டகிராமிலும் உல்லாசப் பயணச் சஞ்சிகைகளிலும் வெளியாகிவிடுகின்றன. சில மாதங்களிற் கண்காட்சிச் சுவர்களுக்கும் வந்து சேர்கின்றன. வெற்றுடம்பிற் பூணூல் துலங்க நிற்கும் குருக்களின் காதிற் கைத்தொலைபேசி. பட்டுச் சேலையும் மல்லிகைச் சரமுமாக ஸ்கூட்டரிற் செல்லும் பெண். கிடுகு வேலியோரம் நிற்கும் மொறிஸ் மைனர் கார். முதுகிற் செடில் குத்தி உழவு இயந்திரத்திலே தொங்கிச் செல்லும் காவடிக்காரர். எடுப்பவர் மாறுகின்றார், எடுக்கப்படுவது மாறுவதில்லை. படத்தின் கீழ் எழுதப்படும் வாசகமும் ஏறக்குறைய ஒன்றே: பழமையும் புதுமையும் கைகோத்து நிற்கும் யாழ்ப்பாணம்.

இவ்வகைப் படங்களைப் போற்றுவோர் இரண்டு நியாயங்களை முன்வைப்பர். எடுபடுவோர் அறியாவண்ணம் எடுக்கப்பட்டமையால் இவை நடிப்பற்றவை, ஆகவே உண்மையானவை என்பது ஒன்று. மரபும் நவீனமும் ஒரே சட்டகத்துள் அருகருகே நிற்பதாற் சமூக மாற்றம் அங்கே பதிவாகின்றது என்பது மற்றையது. ஆராயாது ஏற்றுக்கொள்ளப்பட்ட நியாயங்கள் இவை. குடாநாட்டைப் பொறுத்தவரை இரண்டுமே தவறானவை. இரண்டாவதோ தீங்கும் விளைப்பது.

முதலிற் பழமை, புதுமை என்னும் பிரிப்பையே விசாரிக்க வேண்டியுள்ளது. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் செமினரியை நிறுவினர். 1841இல் ‘உதயதாரகை’ வெளிவரத் தொடங்கியது. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கினார். மிசனரிமாரை எதிர்த்து நின்ற ஆறுமுக நாவலர் 1849இற் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையிற் பதிப்பு வேலையை ஆரம்பித்தார். திருநீறு துலங்கும் நெற்றியோடு ஒரு சைவர் அக்காலத்தின் மிகப் புதிய பொறியொன்றின் முன் நின்று ஏறத்தாழ நூற்றெழுபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. இன்று மரபு எனப்படும் சைவக் கல்வி அந்த யந்திரத்தினூடாகவே ஊர் தோறும் பரவியது. இத்தகைய வரலாற்றையுடைய மண்ணிற் குருக்கள் ஒருவர் தொலைபேசியிற் பேசுவதை அதிசயம் எனக் காட்டுவது எவருடைய அதிசயம்? ஊரவருக்கு அதில் வியப்பேதும் இல்லை. வியப்பு வந்தவருடையது, அவர் தம்முடன் கொண்டுவந்த மனப்படத்திற்கும் தெருவுக்கும் இடையே தோன்றிய பொருத்தமின்மையைத் தெருவின் முரண்பாடாக மொழிபெயர்த்து விடுகின்றார்.

இப்பார்வைக்கு ஒரு பரம்பரை உண்டு. புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்தார். இங்கிலாந்தில் அவரெடுத்த கவிஞரும் விஞ்ஞானிகளும் பெயரோடு வரலாற்றில் நிற்கின்றனர். இலங்கையில் அவரெடுத்த தொழிலாளர்களும் கிராமத்தவர்களுமோ பெரும்பாலும் பெயரற்றவர்கள். 1878இல் எடுத்த படமொன்றின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்பதுடன் முடிந்துவிடுகின்றது. 1890இற் கொழும்பில் தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனமும் அதன் காலத்தவரும் அச்சிட்டு விற்ற தபாலட்டைகளிலே ‘தமிழ்ப் பெண்’ உண்டு, மரமேறுபவர் உண்டு, வண்டிக்காரர் உண்டு. இன்னார் என்று சொல்லத்தக்க ஆள் இல்லை. இன்றைய உல்லாசப் பயணப் படத்தின் கீழே ‘முதியவர், யாழ்ப்பாணம்’ என எழுதுபவர் அத்தபாலட்டைக்காரரின் வழித்தோன்றலே. அன்று மாட்டுவண்டி தனியே நின்றது. இன்று அதன் அருகே கைத்தொலைபேசி விளம்பரப் பலகையொன்று தேவைப்படுகின்றது. வளர்ச்சி அவ்வளவே.

பழைய கார்களின் கதை இவ்விடத்தில் விரிவாகக் கூறப்பட வேண்டியது. ஏனெனில் இப்பார்வையின் குருட்டுத்தனம் அங்கேதான் முற்றாக வெளிப்படுகின்றது. ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மொறிஸ் மைனர் ஆகியவை யாழ்ப்பாணத் தெருக்களில் நெடுங்காலம் வாடகைக் கார்களாக ஓடின. இன்றும் சில எஞ்சியுள்ளன. பயண எழுத்தாளர் இவற்றைக் கண்டதும் காலம் உறைந்த ஊர் என்று எழுதுகின்றார். படம் பிடிப்பவர் அதே காரின் பின்னணியிற் கோபுரத்தைச் சேர்த்துக்கொள்கின்றார். இந்தக் கார்கள் ஏன் நிலைத்தன என்ற கேள்வி எழுவதில்லை. 1970 முதல் 1977 வரை நாடு முழுவதிலும் நிலவிய கடும் இறக்குமதிக் கட்டுப்பாடு ஒரு காரணம். கொழும்பில் 1977இன் பின் புதிய ஜப்பானியக் கார்கள் வந்து அப்பழைமையை அகற்றின. வடக்கில் யுத்தம் வந்தது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றது. பெற்றோலும் மின்கலமும் உள்ளிட்ட பொருட்கள் பொருளாதாரத் தடைக்குள் வந்தன. அப்போது கைகொடுத்தவை இந்தப் பழைய இயந்திரங்களே. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடும் முறையைக் குடாநாட்டு மெக்கானிக்குகள் வழக்கமாக்கினர். நுட்பம் மிகுந்த புதிய இயந்திரம் அதைத் தாங்கியிராது. கர்ப்பிணிகளும் காயமடைந்தோரும் வைத்தியசாலை சென்றது வெண்புகை கக்கிய இவ்வாகனங்களில். அதே காலத்திற் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழுந்த மின்சாரத்தில் மக்கள் வானொலிச் செய்தி கேட்டனர்.

ஆக, அந்த மொறிஸ் மைனர் பழமையின் சின்னமா, புதுமையின் சின்னமா? பட்டறை ஒன்றில் ஒரு தொழிலாளி தன் மூளையைக் கசக்கிக் கண்ட புத்தாக்கம் அது. ஒரு மக்கட்கூட்டத்தின் மீது விதிக்கப்பட்ட தண்டனையின் எச்சமும் அதுவே. ‘காலம் உறைந்த ஊர்’ என்று எழுதப்படும்போது உறையவைத்தவர் மறைகின்றார். உறைபனியைத் தன் கையாலே உடைத்து வழிகண்ட தொழிலாளியும் மறைகின்றார். எஞ்சுவது மங்கிய நீல வர்ணமும் அதன்மீது விழும் மாலை வெயிலும். தடையினால் விளைந்த வறுமையை மரபு எனப் பெயர்மாற்றி விற்பதற்கு ‘அழகியல்’ என்ற சொல் போதுமாயிருக்கின்றது.

அந்தி வானத்தின் முன் கரிய நிழலாக நிற்கும் தலையற்ற பனைகளின் படங்களும் இவ்வகையினவே. செல் பட்டு வட்டிழந்த மரங்கள் அவை. பதுங்கு குழிகளுக்கும் காவலரண்களுக்குமாகத் தறிக்கப்பட்டவற்றுக்கு அந்த நிழல் தானும் இல்லை. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயமாக அடைபட்டுக் கிடந்து, பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்ட ஊர்களில் ஆலமரம் சுவரைப் பிளந்த வீடுகளும் படப்பிடிப்பாளருக்கு விருப்பமானவை. அவ்வீட்டுக்கு உறுதி வைத்திருப்பவர் ஒருவர் எங்கோ இருக்கின்றார் என்பது சட்டகத்துக்கு வெளியே விடப்படுகின்றது.

குருக்களின் தொலைபேசிக்கு மீளலாம். மறுமுனையில் இருப்பவர் யார்? ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருந்து தகப்பனின் அந்தியேட்டிக்கு நாள் கேட்கும் மகனாக அவர் இருக்கக்கூடும். ஊருக்குத் திரும்ப முடியாத பிள்ளைகள் பெற்றோரின் ஈமக்கிரியையைத் திரையிற் பார்த்து அழுவது இன்று யாழ்ப்பாணத்தில் வழமையான காட்சி. அங்கே தொலைபேசி மரபுக்கு எதிர்நிலையில் நிற்கவில்லை. புலப்பெயர்வினாற் சிதறிய குடும்பத்தில் மரபு நடைபெறுவதற்கு அதுவே வழியாகி நிற்கின்றது. சாவீட்டு முற்றத்தில் கமராவைக் கண்டதும் முரண் என்று சிரிப்பவருக்கு அந்த வீட்டில் என்ன நடக்கின்றதென்பது தெரியாது.

இதனினும் கடுமையான உதாரணம் ஒன்றுண்டு. 2018இல் தென்மராட்சியில் வரணிப் பகுதிக் கோயிலொன்றின் தேர், பெக்கோ எனப்படும் மண்வாரி இயந்திரத்தால் இழுக்கப்பட்டது. சிற்ப வேலைப்பாடமைந்த தேர். அதன் முன்னே மஞ்சள் நிற இரும்பு யந்திரம். பழமையும் புதுமையும் அருகருகே நிற்பதைத் தேடித் திரியும் கமராவுக்கு இதனினும் சிறந்த காட்சி கிடைப்பதரிது. காரணம் அறியாத வெளிநாட்டவர் கண்டால் நகைச்சுவை எனச் சிரிப்பார். சற்றே ஆழமானவர் கிழக்கின் நவீனமயமாக்கம் என்று கட்டுரை வரைவார். ஒடுக்கப்பட்ட சாதியினர் வடம்பிடிப்பதைத் தவிர்க்கும்பொருட்டே யந்திரம் கொணரப்பட்டதெனச் செய்திகள் வெளிவந்து பெருங் கண்டனம் எழுந்தது. மனிதரின் கைபடாதிருக்க யந்திரத்தின் கை. 1966 ஒக்டோபர் 21இற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை ஒழிப்பு ஊர்வலத்தையும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தையும் அறியாதவருக்கு அப்படம் எதனையும் சொல்லாது. அது மட்டுமன்று, அறியத் தேவையில்லை என்ற திருப்தியையும் அது அளித்துவிடும். முரணைக் கண்டு இரசிப்பதோடு பார்வை நிறைவெய்துகின்றது. பனையேறுபவரைப் பாரம்பரியத் தொழிலாளி எனப் போற்றும் படங்களும் இவ்வாறே. அத்தொழில் எவர் தலையில் எந்தச் சமூக அமைப்பாற் சுமத்தப்பட்டது, அவருடைய பிள்ளைகள் பாடசாலை வாங்கிலும் தேநீர்க்கடைக் குவளையிலும் எதை எதிர்கொண்டனர் என்பவை ‘பாரம்பரியம்’ என்ற ஒரு சொல்லினுட் புதைக்கப்படுகின்றன.

காவடிக்கும் இது பொருந்தும். ஜேன் டேர்ஜஸ் என்னும் மானிடவியலாளர் யாழ்ப்பாணத்துத் தூக்குக்காவடியை ஆராய்ந்து, போர்க்காலத் துன்பத்தோடும் அதிலிருந்து மீளும் முயற்சியோடும் அச்சடங்கைத் தொடர்புபடுத்தி 2013இல் ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய முடிபுகளுடன் உடன்படாதிருக்கலாம். ஆனால் நேர்த்தி ஒன்று உண்டென்பதை அவர் கேட்டறிந்தார். உழவு இயந்திரத்தின் பின்னால் ஓடி, இழுபடும் தோலுக்குக் கண்ணாடிவில்லையைக் கூர்மைப்படுத்துபவர் அந்த நேர்த்தி எதற்கென்று கேட்பதற்கு ஒரு நிமிடம் செலவிடுவதில்லை.

இனி முதலாவது நியாயம். அறியாமல் எடுத்தால் உண்மை கிடைக்கும் என்ற கோட்பாட்டுக்குப் பெருமதிப்புத் தேடித்தந்தவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்ட்டியே-பிறெசோன். 1952இல் வெளிவந்த அவருடைய நூல் உலகெங்குமுள்ள படப்பிடிப்பாளருக்கு வேதமாயிற்று. எவரும் கவனியாதிருக்கத் தமது லைக்கா கமராவின் பளபளப்பான பகுதிகளைக் கருநாடாவால் மூடிவைத்தவர் அவர். அவருடைய மேதைமையை மறுப்பது இங்கு நோக்கமன்று. ஆனால் பாரிஸ் நகரத் தெருவில் ஒருவரை மறைந்து நின்று எடுப்பதும் யாழ்ப்பாணத் தெருவில் எடுப்பதும் ஒன்றாகா. மறைவிலிருந்து நோக்கும் கண்ணை இம்மண் வேறுவிதமாக அறிந்திருக்கின்றது. சுற்றிவளைப்புகளில் முகமூடியணிந்த ‘தலையாட்டி’யின் முன் வரிசையாக நடத்தப்பட்டவர்கள் இன்னும் உயிரோடிருக்கின்றனர். தாம் காணமுடியாத ஒருவரால் தாம் காணப்படுவது அவர்களுக்கு அழகியற் பிரச்சினை அன்று. போர் முடிந்த பின்னரும், 2011இன் தொடக்கத்திற் படையினர் வீடுவீடாகச் சென்று குடும்பங்களைப் பதிவுசெய்தது உயர் நீதிமன்றம் வரை சென்ற வழக்காயிற்று. இத்தகைய அனுபவமுடையோரின் முகத்தை நீள்வில்லை கொண்டு தூரத்திருந்து பறித்துச் செல்பவர், அவர்கள் முகஞ்சுளித்தால் அதனை ‘இயல்பு’ என்கின்றார்.

அவ்வாறாயின் மறைவாக எடுக்கும் படம் அனைத்தும் குற்றமா என்று கேட்கலாம். இல்லை. குண்டாந்தடியை ஓங்கும் பொலிஸ்காரரிடம் அனுமதி கேட்டுப் படமெடுக்க முடியாது, கேட்கவும் வேண்டியதில்லை. அதிகாரமுடையவரை அவரறியாமல் எடுப்பது சாட்சியம். கடகத்தில் முருங்கைக்காய் வைத்து விற்கும் மூதாட்டியை அவரறியாமல் எடுப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. கமரா யாரை நோக்கித் திரும்பியிருக்கின்றது, திருப்பியவர் யார் என்பதைக் கொண்டே இதனைத் தீர்மானிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தவருக்கென்று ஒரு புகைப்பட மரபு உண்டு. அது ஸ்ரூடியோ மரபு. சாமத்தியச் சடங்குக்கும் கலியாணத்துக்கும் பட்டம் பெற்றதற்கும் குடும்பம் புறப்பட்டு நகரத்துக்குப் போகும். அங்கே வர்ணந் தீட்டிய திரையில் மலையும் ஏரியும் இருக்கும். பக்கத்திற் காகிதப் பூச்சாடி. (அத்திரையின் முன் அமர்ந்தோர் சிலரின் பிள்ளைகள் பின்னர் சுவிற்சர்லாந்தில் மெய்யான மலையையும் ஏரியையும் கண்டது வேறு கதை.) நிமிர்ந்து, வாய்மூடி, கமராவை நேரே பார்ப்பர். இதனைச் செயற்கை என்று கலைஞர் இகழ்வதுண்டு. இகழ்ச்சிக்குரியது அதில் எதுவுமில்லை. தான் எவ்வாறு நினைவிற் கொள்ளப்பட வேண்டும் என்பதை எடுபடுபவரே தீர்மானிக்கும் உரிமை அப்படத்தில் இருக்கின்றது. சேலையைத் தெரிந்தவர் அவர். நாளைத் தெரிந்தவர் அவர். பணம் கொடுத்தவரும் அவர். படம் சேரும் வீடும் அவருடையதே. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவிற் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது காணி உறுதியோடும் நகையோடும் அல்பத்தையும் எடுத்துச் சென்றவர்கள் உண்டு. விட்டுச் சென்று இழந்தவர்கள் அதனினும் பலர்.

2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் பின்னர் வடக்குக் கிழக்கின் ஏனைய இடங்களிலும் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கையில் ஏந்துவன அந்த ஸ்ரூடியோப் படங்களே. அடையாள அட்டைக்காகவும் பரீட்சைக்காகவும் எடுத்து, பின்னர் பெருப்பிக்கப்பட்டவை. செயற்கை எனப்பட்ட அந்த நேர்ப்பார்வைதான் இன்று ஒரு மனிதன் வாழ்ந்தான் என்பதற்குரிய ஆதாரம். அத்தாய்மாரைச் சூழ்ந்தும் கமராக்கள் நிற்கின்றன. கண்ணீர் விழும் கணத்துக்காக அவை காத்திருக்கின்றன. அவர் உயர்த்திப் பிடித்திருக்கும் படத்திலுள்ள பெயரையும் திகதியையும் வாசிக்கத்தக்க தெளிவோடு எடுப்போர் அவர்களுள் எத்தனை பேர்?

உல்லாசப் பயணத்துறை வளரவேண்டாமா, இப்படங்களாற்றானே ஊருக்கு விருந்தினர் வருகின்றனர் என்பது வழமையான மறுப்பு. வரட்டும். ஆனால் படத்தால் வரும் ஊதியம் படத்திலிருப்பவரைச் சென்றடைந்த கதை அரிது. 1984இற் பெஷாவருக்கு அருகிலிருந்த அகதி முகாமில் ஸ்ரீவ் மக்கறி எடுத்த ஆப்கானியச் சிறுமியின் முகம் 1985 ஜூனில் ‘நஷனல் ஜியோகிரபிக்’ அட்டையில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. ஷர்பத் குலா என்ற அவருடைய பெயரை உலகம் அறிந்தது 2002இல். பதினேழு ஆண்டுகள் அம்முகம் பெயரின்றி உலகைச் சுற்றியது. பழமையின் கண்களில் அகதியின் அச்சம் என்று அதனை வியந்தோரிற் பலர், அச்சிறுமிக்குப் படமெடுக்கப்படுவதிலேயே விருப்பமிருந்ததா என்று கேட்கவில்லை.

வெளியாரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. இப்பொழுது இந்தப் பார்வையை உள்ளூர் இளைஞரே கடன்வாங்கியுள்ளனர். பல்கலைக்கழகங்களிலும் கழகங்களிலும் நடைபெறும் புகைப்படப் போட்டிகளிற் ‘பாரம்பரியமும் நவீனமும்’ என்பது அலுக்காத தலைப்பு. கலியாணத்துக்கு முன்னான படப்பிடிப்புக்கு மாட்டுவண்டியும் ஒஸ்ரின் காரும் வாடகைக்கு அமர்த்தப்படுகின்றன. பேத்தி அதிற் சாய்ந்து நிற்கின்றாள், அதன் மண்ணெண்ணெய்ப் புகையில் இருமிய பாட்டி வீட்டில் இருக்கின்றாள். தம் ஊரைத் தாமே உல்லாசப் பயணியாகப் பார்க்கப் பழகிய ஒரு தலைமுறை உருவாகின்றது.

வேறு வழி இல்லாமலில்லை. ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘த இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற நூலுக்காக, இடம்பெயர்ந்தோரிடம் அவர்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தருமாறு கேட்டார். கோணலான கோடுகளில் அவர்கள் கிணற்றையும் குசினியையும் மாமரத்தையும் குறித்துக் கொடுத்தனர். அழகிய முரண் எதனையும் அங்கே காணமுடியாது. எந்த அறை எவருடையது என்பதை அறியலாம். கமரா கொண்டு இதற்கு ஈடான ஒன்றைச் செய்ய இயலாதென்பதற்கு நியாயமில்லை. கேட்பதற்குரிய பொறுமை வேண்டும்.

ஆகக் குறைந்தது, போட்டிகளை நடத்துவோர் ஒரு விதியை வகுக்கலாம்: படத்திலுள்ளவரின் சம்மதமும், அவர் விரும்பினாற் பெயரும், இடமும் திகதியும், காட்சியின் காரணமும் எழுதப்படாத படம் ஏற்கப்படமாட்டாது. இதனாற் பரிசுக்குரிய படங்கள் பாதியாகக் குறையும் என்று நடுவர்கள் அஞ்சலாம். குறையட்டும். சந்தையில் எடுபடும் மூதாட்டிமார் வழமையாகக் கேட்பது ஒன்றுதான்: “உந்தப் படத்தை எங்கை போடப் போறியள், தம்பி?” திருநெல்வேலிச் சந்தைக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே இருப்பது நடந்து செல்லும் தூரம். கண்காட்சி திறக்கும் நாளில் அவரை அழைத்து வந்து படத்தின் முன் நிறுத்துவதற்கும், ஒரு பிரதியை அவர் கையிற் கொடுப்பதற்கும் பெருஞ் செலவேதும் இல்லை.